றேடியோவில் கேட்ட இரத்தம்

இரத்தத்தில் இருக்கிற ஒன்றைக் காதால் கேட்கலாம் என்று நான் சொன்னபோது, என் தங்கச்சி சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, இஞ்சை வாங்கோ. அண்ணைக்கும் காய்ச்சல் துவங்கீட்டுது."

அவளுக்கு நெருப்புக்காய்ச்சல், அதாவது ரைபொயிட், வந்து மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டி, இரட்டைப் பின்னல் இரண்டும் எலிவால் போலத் தொங்கின. சங்கீத வகுப்புக்கு மறுபடி போகத் தொடங்கியிருந்தாள். உடம்பு மெலிந்திருந்ததே தவிர வாய் மெலியவில்லை.

உரும்பிராயில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. போரால் மின்சாரம் அடியோடு நின்று இரண்டாவது வருடம் அது. எனக்கு கம்பஸில் கடைசி வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்; ஐயாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பதிலாக இன்றும் பெருவிரல்தான் வைக்கிறார்கள். நான் பௌதிகம் படிக்கிறேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பௌதிகம் என்றால் என்னவென்று யாரும் கேட்டுவிட்டால், "அது பெரிய படிப்பு" என்று முடித்துவிடுவார்.

அந்தக் கட்டுரை எனக்கு அகப்பட்டது தற்செயலாகத்தான். கம்பஸ் நூலகத்தில், ஓரம் கறையான் அரித்த பழைய சஞ்சிகை ஒன்றில் இருந்தது. நின்றபடியே வாசிக்கத் தொடங்கி, நின்றபடியே முடித்தேன். கால் மரத்துப் போனது கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். உடம்புக்குள் ஒரு கிருமி வந்தால், அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே உடம்பு ஒரு பொருளைச் செய்கிறது. அதற்குப் பிறபொருளெதிரி என்று பெயர். ஒரு கிருமிக்கென்று செய்தது அந்தக் கிருமியைத்தான் பிடிக்கும். காய்ச்சல் மாறிய பிறகும் அது இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், பெரிய ஆய்வுகூடங்களில் அதன்மேல் ஒரு சாயத்தையோ கதிர்வீசும் பொருளையோ ஒட்டி அடையாளம் போடுவார்கள். இந்தக் கட்டுரைக்காரர்கள் எதையும் ஒட்டவில்லை. அதன் பாரத்தை அளந்திருந்தார்கள்! பொத்தான் அளவு குவாட்ஸ் பளிங்கு ஒன்று. மின் கொடுத்தால் அது ஒரே சீராக அதிரும். அதன்மேல் கிருமியைப் பூசி, கிருமியின்மேல் இரத்தத்தின் தெளிந்த நீரை விட்டால், பிறபொருளெதிரி வந்து ஒட்டும். ஒட்டினால் பாரம். பாரம் ஏறினால் அதிர்வு குறையும்.

இதைத்தான் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சிக்கு விளங்கப்படுத்தினேன். சிரித்து முடிந்ததும் விரலை நக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மிருதங்கத்தின்ரை தொப்பியிலை ரவை பூசிற மாதிரியோ? ரவை பூசினால் நாதம் இறங்குமெல்லே."

இரண்டு நாளாக அந்தக் கட்டுரையோடு மல்லுக்கட்டியும் எனக்கு அது தோன்றவில்லை.

"அதேதான்! அச்சொட்டாய் அதேதான்!"

"அப்ப ஏன் அவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்? ரவை எண்டு சொல்லியிருக்கலாமே."

இதையே கடைசி வருட ஆய்வாகச் செய்யக் கேட்டபோது, எங்கள் விரிவுரையாளர் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. சேர் நல்ல மனிதர். ஆனால் சொன்னதை நம்புகிற மனிதர் அல்ல. கட்டுரையை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு அதிர்வை எண்ணிற கருவி வேணும். எங்களிட்டை இருக்கிறதுக்கு மின்சாரம் இல்லை. என்ன செய்யப்போறீர்?"

"எண்ணத் தேவையில்லை, சேர். ரெண்டு பளிங்கைப் பக்கத்திலை பக்கத்திலை அதிர விட்டால், ரெண்டின்ரை வித்தியாசமும் றேடியோவிலை விசில் மாதிரிக் கேக்கும். ஒரு பளிங்கை அப்படியே விட்டிட்டு மற்றதிலை பாரம் ஏத்தினால் வித்தியாசம் கூடும். விசில் மேலை ஏறும்."

"ஆர் அளக்கிறது?"

"என்ரை தங்கச்சி, சேர். வாய்ப்பாட்டுப் படிக்கிறாள். எந்தச் சத்தத்துக்கும் ஸ்வரம் சொல்லுவாள்."

சேர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு சொன்னார்: "வாற மாதம் முதலாம் திங்கள் வரைக்கும் தாறன். ஒருக்கால், ஒரேயொருக்கால், எனக்கு முன்னாலை செய்து காட்டும். வராட்டில் கிணத்துத் தண்ணிதான்."

கிணற்றுத் தண்ணீர் என்றால், கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்து அதன் மின்கடத்தலை அளந்து அட்டவணை போடுவது. தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன்னே நாலு பேர் அதே கிணறுகளை அளந்திருந்தார்கள். ஒருவரும் அறியாத ஒன்றை முதன்முதலாக அறிகிற ருசி எனக்கு ஒருதரமாவது வேண்டும். அதற்கு அந்தத் திங்கட்கிழமையை விட்டால் வேறு வழியில்லை.

என் மச்சான், அம்மாவின் தமையன் மகன், சந்தியில் றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தான். கடை மூலையில் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் ஒரே எண் பொறித்த பளிங்குகள் ஐந்து கிடந்தன. ஒவ்வொன்றும் சின்னத் தகரக் கூட்டுக்குள். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கூட்டை அரத்தால் அராவித் திறந்தோம். ஒன்று உடைந்தது. மிஞ்சிய நாலும் கண்ணாடிப் பொட்டுப் போல, நடுவில் பொன் பூச்சோடு மின்னின.

அம்மா எட்டிப் பார்த்தார். "பொன்னே? எத்தினை பவுண் வரும்?"

"மாமி, இது நகைக் கடைக்காரன் தும்மினாலே பறந்திடும்," என்றான் மச்சான்.

அவன்தான் அதிர வைக்கிற சுற்றையும் செய்து தந்தான். எல்லாவற்றையும் ஒரு மாத்தகரத்துக்குள், கோதுமை மா வந்த தகர டப்பாவுக்குள், அடக்கினோம். மின்சாரம் சைக்கிளிலிருந்து. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ மின் தரும். அந்த நாட்களில் யாழ்ப்பாணம் முழுவதும் செய்தி கேட்டது அப்படித்தானே. முதல் நாள் பெடலைச் சுற்றி, றேடியோ முள்ளை மெல்ல நகர்த்தினோம். இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று எழும்பி வந்தது. நான் துள்ளியதில் சைக்கிள் சரிந்தது.

தங்கச்சி சுருதிப்பெட்டியை இழுத்து, 'ச' பிடித்து, விசிலோடு சேர்ந்து பாடிப் பார்த்தாள். "இது 'ப'. கொஞ்சம் சுருதி விலகி நிக்குது."

கிருமிக்கும் வழி கிடைத்தது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நெருப்புக்காய்ச்சல் பார்க்க வைத்திருக்கும், செத்த கிருமிகள் மிதக்கும் நீர்; திகதி முடிந்த போத்தல் ஒன்று சேரின் சிபாரிசில் வந்தது. தங்கச்சியிடமும் என்னிடமும் அங்கேயே இரத்தம் எடுத்தார்கள். இரத்தம் உறைந்ததும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து வருகிற நீர்தான் எங்களுக்கு வேண்டியது. தங்கச்சியின் இரத்தத்தில் பிறபொருளெதிரி இருக்க வேண்டும். எனக்கு நெருப்புக்காய்ச்சல் ஒருநாளும் வந்ததில்லை. அப்படியானால் அவளுடையதற்கு விசில் ஏற வேண்டும், என்னுடையதற்கு ஏறக்கூடாது.

முதல் மூன்று தரமும் இரண்டுக்கும் ஏறியது. இரத்த நீரில் இருக்கிற வேறு புரதங்களும் பளிங்கின் வெறும் இடங்களில் போய் ஒட்டிக்கொண்டன. கட்டுரையைத் திருப்பித் திருப்பிப் படித்ததில் ஒரு வழி தென்பட்டது: வெறும் இடங்களை முதலே வேறு எதனாலாவது நிரப்பிவிடு. ஆடை எடுத்த பசும்பாலில் தண்ணீர் கலந்து, கிருமி பூசிய பளிங்குகளின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

"ஆகா, அண்ணை பாலாபிஷேகம் செய்யிறார்!" என்று தங்கச்சி கத்தினாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பாலைக் கழுவி, காயவிட்டு, விசிலைக் கேட்டுக் குறித்தோம். பிறகு இரத்த நீர். ஒரு மணித்தியாலம். மறுபடி கழுவி, தூசி விழாமல் ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடிக் கிளாஸால் மூடிக் காயவைத்தேன்; எது யாருடையது என்று அம்மா கேட்க, காட்டியும் விட்டேன். மச்சான் பெடலைச் சுற்றினான். என்னுடைய பளிங்கு முதலில்: விசில் அசையவில்லை. தங்கச்சியின் பளிங்கைப் பொருத்தினேன்.

விசில் எகிறியது. ஏறியது அல்ல, எகிறியது! தங்கச்சி துரத்திக்கொண்டு பாடினாள். மேல் 'ச'வையும் தாண்டி, அவளுடைய குரல் எட்டாத இடத்துக்குப் போய் நின்றது.

மச்சான் பெடலை விட்டுவிட்டு என்னைத் தூக்கினான். நான் சேர்ட் பொத்தான்கூடச் சரியாகப் பூட்டாமல் சைக்கிளைப் பறித்துக்கொண்டு சேரின் வீட்டுக்கு ஓடினேன்.

"வந்திட்டுது, சேர்! கேட்டிட்டம்!"

"எவ்வளவு ஏறினது?"

"ஒரு ஸ்தாயிக்கு மேலை!"

"ஒரு ஸ்தாயியோ?" சேர் புருவத்தைத் தூக்கினார். "நீர் போட்ட கணக்கிலை எவ்வளவு வரவேணும்?"

அரை ஸ்வரம், மிஞ்சினால் ஒரு ஸ்வரம். நானே போட்ட கணக்கு. ஆனால் அந்தச் சந்தோஷப் புளுகத்தில் அது எங்கே காதில் ஏறுகிறது? "எதிர்பார்த்ததை விடத் திறமாய் வேலை செய்யுது, சேர்," என்றேன். வழியில் கண்ட நாலைந்து பேருக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை, அந்தப் பளிங்கை ஆசையோடு மச்சானின் உருப்பெருக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். பொன் பூச்சின்மேல் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ இருந்தது. ஊதினேன். பறந்தது.

"எணை அம்மா, உதை ஆர் தொட்டது?"

"ஆரும் தொடேல்லை. நான்தான் கொஞ்சம் திருநீறு போட்டனான்."

"எதுக்கு!"

"பாலாலை முழுக்காட்டினால் பிறகு திருநீறு சாத்திறதில்லையே? நீ கழுவிப்போட்டு அப்பிடியே மூடி வைச்சிட்டாய். மற்றது, பிள்ளை வருத்தத்தாலை எழும்பினவள். அவளின்ரை இரத்தத்தை நாலுபேர் பாக்கப் போகினம். நாவூறு படாதே?"

"என்ரையிலை?"

"உனக்கென்ன, நீ ஆம்பிளை."

நான் வாங்குப் பலகையில் குந்திவிட்டேன். என்னுடைய பளிங்கில் திருநீறு இல்லை, தங்கச்சியின் பளிங்கில் உண்டு. என்னுடையது அசையவில்லை, அவளுடையது எகிறியது. என்னைப் பிழை விடப் பண்ண வேண்டுமென்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு திருத்தமாக அமைந்திராது.

"அம்மா, அது திருநீறாலைதான் வந்தது!"

"பின்னை?" அம்மாவுக்கு ஒரே பெருமை. "திருநீறு போட்டபடியால்தானே வந்தது!"

தங்கச்சி சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சான் கண்ணீர் வரச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேரிடம் சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். திங்களுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் சரியாக வந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால், 'ஒரு ஸ்தாயியோ' என்று கேட்ட அந்தப் புருவம் கண்ணுக்குள் நின்றது. பின்னேரமே போய், முற்றத்தில் நின்றபடி, ஒரு மூச்சில் ஒப்புவித்தேன்.

சேர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "உலகத்திலையே திருநீற்றைக் கண்டுபிடிச்ச முதல் கருவி உம்மடைதான்," என்றார். பிறகு முகம் மாறியது. "சரி. திங்கள் கொண்டு வாரும். இரத்தத்தை மருத்துவபீடத்து ஆக்களைக் கொண்டு நான் எடுப்பிக்கிறன். மூண்டு குழாய் தருவன். ஆரின்ரை எது எண்டு உமக்கும் தெரியாது, கேக்கிற பிள்ளைக்கும் தெரியாது. எதிலை எதிலை பிறபொருளெதிரி இருக்கெண்டு ஒரு தாளிலை எழுதித் தாரும்."

வெள்ளிக்கிழமை எங்கள் இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். "நுளம்புக் கூட்டம்கூட இவ்வளவு குடியாது," என்று தங்கச்சி கையை மடக்கிக்கொண்டு முறைத்தாள். நான் மூன்று பளிங்குகளையும் பற்றரி அசிற்றில் கழுவித் துப்புரவாக்கி, புதிதாகக் கிருமி பூசி, பால் விட்டு, பஞ்சு வைத்த டப்பாவில் அடைத்தேன். நாலாவது, ஒப்பிடுவதற்கு. டப்பாவைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுத்தேன், அம்மா பாவம் என்றாலும்.

திங்கள் காலை நல்ல வெயில். மழைக்குணம் இருந்திருந்தால் ஈரம் ஏறி எல்லாம் பிழையாய்ப் போயிருக்கும். புறப்படும்போது அம்மா இரண்டு பேரின் நெற்றியிலும் மூன்று விரலாலும் நிறையப் பூசிவிட்டார். "பெட்டியிலை வைக்கேல்லை, சரியே? நெத்தியிலைதான் வைச்சனான்." சைக்கிள் கரியரில் தங்கச்சி, அவளின் மடியில் சுருதிப்பெட்டி, ஹான்டிலில் மாத்தகரமும் றேடியோவும், என் சேர்ட் பையில் டப்பா.

கம்பஸ் ஆய்வுகூடத்து யன்னலோரம் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றினேன். பளிங்கைக் குனிந்து பார்க்கும்போது நெற்றியிலிருந்து திருநீறு உதிர்ந்தால்? அழிக்க மனம் வரவில்லை. கைலேஞ்சியை எடுத்து நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். தங்கச்சியும் தாவணித் தலைப்பால் கட்டிக்கொண்டாள்.

சேர் வந்தார். "என்ன, ரெண்டு பேருக்கும் தலையிடியோ?"

"இல்லை, சேர். திருநீறு."

அவர் மற்றப் பக்கம் திரும்பி இருமினார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய மூன்று குழாய்கள். முதலில் வெறுமனே விசில்களைக் கேட்டோம். தங்கச்சி ஒவ்வொன்றோடும் பாடி, தன்னுடைய சங்கீதக் கொப்பியில் குறித்தாள். பிறகு ஒவ்வொரு பளிங்கிலும் ஒவ்வொரு குழாயின் நீர், ஒரு துளி. அந்த ஒரு மணித்தியாலம் நான் இருக்கவில்லை, நிற்கவில்லை, யன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கழுவினேன். காயவைத்தேன். உருப்பெருக்கியால் பார்த்தேன். சாம்பல் இல்லை.

பெடலைச் சுற்றினேன். ஒன்றாம் பளிங்கு.

"அதே 'ப'," என்றாள் தங்கச்சி. "அசையேல்லை."

இரண்டாவது. அவள் பாடத் தொடங்கி நிறுத்தினாள். திரும்பப் பாடினாள். கண் விரிந்தது.

"ஏறியிருக்கு! அண்ணை, 'ப'விலை இருந்தது 'த'வுக்கு வந்திட்டுது!"

பெடல் தடுமாறியது. ஒரு ஸ்வரம்! கணக்கில் வந்த அதே ஒரு ஸ்வரம். திருநீறு இல்லை, வேறு பிழையும் தெரியவில்லை. இது அவளுடைய இரத்தம். ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவதைப் பொருத்தினேன், பேருக்கு.

"இதுவும் ஏறியிருக்கு."

"என்ன?"

"'க'விலை இருந்தது. இப்ப 'க' இல்லை. 'ம'வுக்குக் கொஞ்சம் கீழை நிக்குது."

நெருப்புக்காய்ச்சலில் கிடந்தது அவள் ஒருத்திதானே. மற்ற இரண்டும் என்னுடையதாகத்தான் இருக்கும்; மூன்றாவது எப்படி ஏறும்? பால் சரியாகப் பிடிக்கவில்லையா? குரலைத் தாழ்த்தினேன்.

"வடிவாய்க் கேள். உன்னைத் தவிர ஆர் காய்ச்சலிலை கிடந்தது?"

"அது எனக்கென்னண்டு தெரியும்? நான் கேட்டதைத்தான் சொல்லுவன்."

"கொஞ்சம்தானே ஏறினது. டைனமோவின்ரை ஆட்டமாய் இருக்கும்."

"டைனமோ ஆடினால் சத்தம் ஆடும். இது நிண்டு பிடிக்குது. வேணுமெண்டால் நீங்கள் பாடுங்கோ."

சேர் யன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தாள் முன்னால் கிடந்தது. 'இரண்டு' என்று எழுதினேன். பேனை அங்கேயே நின்றது. இரண்டு மட்டும் என்று கொடுத்தால், அநேகமாக அதுதான் சரியான விடை. மூன்றையும் சேர்த்தால், கருவி பிழை என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்கிற மாதிரி. பிறகு கிணறு கிணறாக வாளி. ஆனால் போன கிழமை எனக்கு விருப்பமானதைத்தான் கேட்டேன், கணக்கு சொன்னதைக் கேட்கவில்லை. அதற்காக ஒருதரம் முற்றத்தில் நின்றாயிற்று. இவள் காது 'ம'வுக்குக் கீழே என்கிறது. இரண்டு, மூன்று என்று எழுதி நீட்டினேன்.

சேர் வாசித்தார். தன்னுடைய சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

ஒன்று: அண்ணன். இரண்டு: தங்கச்சி. மூன்று: தங்கச்சி.

விரலை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பி வாசித்தேன்.

"ஒருத்திக்குத்தான் காய்ச்சல் வந்தது, அப்ப ஒரு குழாயிலைதான் இருக்குமெண்டு எழுதுவீர் எண்டுதான் நினைச்சனான்," என்றார் சேர். "அப்பிடி எழுதியிருந்தால் நாளைக்கே வாளியும் கயிறும் தந்திருப்பன்."

"அதுதான் அண்டைக்கு அவ்வளவு ரத்தம் எடுத்தவை!" என்று தங்கச்சி பாய்ந்தாள். "ரெண்டு குழாய்க்கும் என்ரையே!"

நான் சிரித்தேனா, அழுதேனா என்று சரியாக நினைவில்லை. கைலேஞ்சியை இழுத்து அவிழ்த்ததில் திருநீறு மூக்கில் விழுந்து தும்மினேன். மூன்றாவது பளிங்கில் கிருமிப் பூச்சு கொஞ்சம் மெல்லியது, அதனால்தான் ஏற்றமும் குறைவு என்பதெல்லாம் பிறகு ஆறுதலாக விளங்கியது. அந்த நேரத்தில் மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் சுழன்றது: தங்கச்சியின் உடம்பு காய்ச்சலோடு சண்டை பிடித்ததை, ஒரு சாயமும் இல்லாமல், ஓர் அடையாளமும் ஒட்டாமல், சைக்கிளைச் சுற்றிக் கேட்டுவிட்டோம்.

"அப்ப கிணத்துத் தண்ணி, சேர்?"

"அதைப் பிறகு பாப்பம். அங்காலை தள்ளும்." சேர் கைச்சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு சைக்கிளடியில் குந்தினார். "ரெண்டாவதைப் போடும். நான் இன்னும் வடிவாய்க் கேக்கேல்லை."

போட்டேன். அவர் பெடலைப் பிடித்துச் சுழற்றிய வேகத்தில் சைக்கிள் முழுவதும் நடுங்கியது. விசில் ஆடி அலைந்தது. வேறு விரிவுரையாளர் ஒருவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். தங்கச்சி சுருதிப்பெட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கம்பஸில் தான் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்பதையே மறந்து அதட்டினாள்:

"மெதுவாய், சேர்! மெதுவாய்! 'த' கலையுது!"